ஒரு தழும்பு, இரண்டு பிள்ளைகள்: சுகப்பிரசவம் சாத்தியமா?



தலைப்பிள்ளையை அறுவைச் சிகிச்சையில் பெற்றெடுத்த ஒரு தாய் மறுபடியும் கருவுறுகிறார். கிளினிக்கில் ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், வயிற்றில் இருப்பது இரட்டை என்கிறார். வீட்டில் மகிழ்ச்சி ஒரு பக்கம், கவலை இன்னொரு பக்கம். "இந்த முறையாவது சுகப்பிரசவமா ஆகணும்" என்பது மாமியாரின் வேண்டுதல். "எதுக்கும்மா வம்பு, மறுபடியும் ஆப்பரேஷனே பண்ணிக்க" என்பது பெற்ற தாயின் அச்சம். கணவரோ இருவருக்கும் தலையாட்டுகிறார். பிள்ளை பெறப் போகும் பெண்ணிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை!

முந்தைய பிரசவம் அறுவைச் சிகிச்சை, இப்போது இரட்டைக் கரு. இப்படிப்பட்ட தாய்க்கு இயல்பான பிரசவம் நடக்குமா? நடக்கும். உலகின் பல மருத்துவமனைகளில் நடந்திருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. எல்லா இடத்திலும் பொருந்தாது. அந்த இரண்டாவது சொல்லில்தான் ஜொகூர் மாநிலத்துத் தாய்மார்களுக்கான விஷயம் அடங்கியிருக்கிறது. எந்த மருத்துவமனையில், யார் அருகில் இருக்கும்போது வலி வரப் போகிறது என்பது தீர்மானமாகாமல் வெறும் ஆசையை வைத்து முடிவெடுத்தால், அது இரண்டு பிள்ளைகளின் உயிரையும் தாயின் உயிரையும் பணயம் வைப்பதாகிவிடும்.

தழும்பு எங்கே இருக்கிறது?

"ஒரு முறை அறுவைச் சிகிச்சை என்றால் எப்போதும் அறுவைச் சிகிச்சைதான்" என்ற வாசகம் மருத்துவ உலகில் வெகுகாலம் ஆட்சி செய்தது. 1916-இல் நியூயார்க் நகர மருத்துவர் எட்வின் கிரேகின் எழுதியது அது. அவர் காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பிரசவ வலியின்போது இறுகி இறுகித் தள்ளுவது அந்த மேற்பகுதிதான். அங்கே தையல் இருந்தால் அடுத்த பிரசவத்தில் அது பிரிந்துபோகும் அபாயம் அதிகம். ஆகவே அவர் சொன்னது அன்றைக்குச் சரி.

பின்னர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் மன்ரோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். கீழ்ப்பகுதி மெல்லியது, வலியின்போது மேற்பகுதி அளவுக்கு இறுகுவதில்லை. அங்கே ஆறிய தழும்பு அடுத்த பிரசவத்தைத் தாங்கும் வாய்ப்பு மிக அதிகம். இன்று பெரும்பாலான தாய்மார்களுக்கு இந்தக் குறுக்குக் கீறல்தான் செய்யப்படுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை நம் பெண்கள் பலர் அறிவதில்லை. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. தோலில் குறுக்காக இருக்கும். உள்ளே நெடுக்காக இருக்கலாம். குறிப்பாக, தலைப்பிள்ளை ஆறு ஏழு மாதத்தில் குறைமாதமாகப் பிறந்திருந்தாலோ, குறுக்கே கிடந்திருந்தாலோ இப்படிச் செய்திருக்க வாய்ப்புண்டு. உண்மையைச் சொல்லக்கூடியது அன்றைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பு ஒன்றுதான்.

அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது? தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். மகள் குளுவாங்கில் வாழ்வார். பிள்ளை பிறந்தது ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையாக இருக்கும். சிலருக்குத் தமிழ்நாட்டில். சிலருக்குக் கடற்பாலத்தின் மறுபக்கம், சிங்கப்பூரில். (சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அந்நாளில் உலக சாதனை.) பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாக உறையில் போட்டு வைக்கும் குடும்பங்கள், தாயின் அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்குவதே இல்லை. பழைய மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்கு எழுதி அதைப் பெறுவதற்கு நாள் பிடிக்கும். எட்டாம் மாதத்தில் தேடத் தொடங்கினால் பிள்ளைகள் முந்திக்கொள்ளும். கரு உறுதியான வாரமே தொடங்குவதுதான் சரி.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் 19 மருத்துவ நிலையங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. முன்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அடுத்து இயல்பான பிரசவத்துக்கு முயன்ற 17,898 தாய்மார்களை அது கணக்கெடுத்தது. இவர்கள் ஒற்றைப் பிள்ளை சுமந்தவர்கள். நூற்றுக்கு 73 பேர் இயல்பாகவே பெற்றெடுத்தார்கள். தழும்பு கிழிந்தது 124 பேருக்கு. அதாவது ஆயிரத்தில் ஏழு பேர்.

ஆயிரத்தில் ஏழு என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த ஏழு பேருக்கு நேர்வது சிறிய விஷயமல்ல. கருப்பை கிழிந்தால் பிள்ளைக்குப் போகும் பிராணவாயு தடைபடும். தாய்க்கு உள்ளேயே இரத்தம் கொட்டும். பிறகு கணக்கு நிமிடங்களில்தான். அறுவைக் கூடம், மயக்க மருந்து நிபுணர், இரத்தம் எல்லாம் அதே கட்டடத்தில் தயாராக இருந்தால் தாயும் பிள்ளையும் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

சரி, இரட்டைக்கு என்ன? இரண்டு பிள்ளைகளைச் சுமக்கும் கருப்பை அதிகமாக விரிகிறது. ஆகவே தழும்பும் எளிதில் விட்டுப்போகும் என்று எல்லாரும் அஞ்சினார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தபோது அந்த அச்சம் மெய்ப்படவில்லை. மேற்சொன்ன ஆய்வுக் குழுவினர் இரட்டையர் தாய்மாரைத் தனியாக ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். 412 பேரில் 186 பேர் இயல்பான பிரசவத்துக்கு முயன்றனர். அவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு மேல் வெற்றி பெற்றனர். அமெரிக்கா முழுவதும் மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து திரட்டி 2006-இல் வெளியான மற்றோர் ஆய்விலோ முயன்ற 1,850 பேரில் நூற்றுக்கு 45 பேர் மட்டுமே வெற்றி பெற்றனர். கருப்பை கிழிந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. ஒற்றைப் பிள்ளைக் கணக்கிலிருந்து அது வெகுதூரம் இல்லை.

64 எங்கே, 45 எங்கே என்று கேட்கலாம். முதலாவது, பெரிய போதனா மருத்துவமனைகளின் கணக்கு. அங்கே இரவு இரண்டு மணிக்கும் அனுபவசாலி இருப்பார். இரண்டாவது, ஊர் ஊராக எல்லாவித மருத்துவமனைகளும் கலந்த கணக்கு. வேறுபாட்டுக்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். தாயின் உடம்பு எவ்வளவு முக்கியமோ, தாய் படுத்திருக்கும் இடமும் அவ்வளவு முக்கியம்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம், ஒரே ஒரு குறுக்குத் தழும்பு உள்ள, மற்றபடி தகுதியுள்ள இரட்டையர் தாய்க்கு இயல்பான பிரசவத்தை முயலலாம் என்று 2010 வழிகாட்டியில் சொன்னது. பிரிட்டனின் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015-இல் எச்சரிக்கையோடு அணுகச் சொன்னது. இரண்டு பெரிய அமைப்புகளும் கதவை மூடவில்லை. ஒன்று அகலமாகத் திறந்திருக்கிறது, மற்றொன்று பாதி திறந்திருக்கிறது. நம் நாட்டிலும் தழும்புக்குப் பிந்திய பிரசவ முயற்சி புதிதல்ல. ஒரு முறை அறுவைச் சிகிச்சை கண்ட 1,000 தாய்மார்களின் அடுத்த பிரசவங்களை ஆராய்ந்து, கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையினர் 2007-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

முயலக் கூடாதவர்களும் உண்டு. முதலில் வெளிவர வேண்டிய பிள்ளை தலை கீழாக இல்லாமல் இருந்தாலோ, நஞ்சு கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, இரு பிள்ளைகளும் ஒரே பனிக்குடத்தில் இருந்தாலோ, தழும்பு நெடுக்காக இருந்தாலோ பேச்சுக்கே இடமில்லை. இரண்டு தழும்புகள் உள்ள இரட்டையர் தாயைப் பெரும்பாலான மருத்துவர்கள் முயல விட மாட்டார்கள். மாறாக, முன்பு ஒரு பிள்ளையையாவது இயல்பாகப் பெற்றிருந்தால் வெற்றி வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. பிள்ளைகள் ஒரு பனிக்குடமா, இரு பனிக்குடமா என்பது மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். தாமதமாகப் பதிவு செய்யும் தாய்மார்கள் இழப்பது இதைத்தான்.

இரண்டாவது பிள்ளை

முதல் பிள்ளை தலை காட்டி அழுதுவிட்டால் வெளியே காத்திருக்கும் உறவினர்கள் மிட்டாய் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் மருத்துவருக்கோ கடினமான பகுதி அப்போதுதான் தொடங்குகிறது.

அதுவரை நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரண்டாவது பிள்ளைக்கு இப்போது இடம் கிடைத்துவிட்டது. தலை கீழாக இருந்த பிள்ளை குறுக்கே திரும்பிவிடலாம். வலி சற்று ஓய்ந்துவிடலாம். பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி முன்னால் வந்துவிடலாம். நஞ்சு முன்கூட்டியே பிரியலாம். மருத்துவர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கிறார். தேவைப்பட்டால் கையை உள்ளே செலுத்திப் பிள்ளையின் பாதத்தைப் பற்றி இறக்குகிறார். சாதாரணக் கருப்பையிலேயே இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. தழும்புள்ள கருப்பையில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வலியைக் கூட்ட மருந்து ஏற்றுவதிலும் அதே நிதானம் வேண்டும்.

சில வேளைகளில் முதல் பிள்ளை இயல்பாகவும் இரண்டாவது பிள்ளை அறுவைச் சிகிச்சையிலும் பிறப்பதுண்டு. 25 நாடுகளில் 2,804 இரட்டையர் தாய்மாரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், இயல்பான பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் நூற்றுக்கு நால்வருக்கு இப்படி நேர்ந்தது. இரண்டு வேதனையையும் ஒரே நாளில் அனுபவிக்கும் அந்தத் தாய்க்கு, இப்படியும் ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது: முதல் பிள்ளை தலை கீழாக இருக்கும்போது, திட்டமிட்ட அறுவைச் சிகிச்சையால் பிள்ளைகளுக்குக் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

பிரசவ நேரம் முழுக்க இரண்டு இதயத் துடிப்புகளையும் தனித்தனியே கருவியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தழும்பு விடுகிறது என்பதை முதலில் சொல்வது பெரும்பாலும் தாயின் வலி அல்ல. பிள்ளையின் இதயத் துடிப்புதான். ஒரே பிள்ளையின் துடிப்பை இரு முறை பதிவுசெய்துவிட்டு இருவரும் நலம் என்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. பிள்ளைகள் பிறந்த பிறகும் கண்காணிப்பு ஓய்வதில்லை. அளவுக்கு மீறி விரிந்த கருப்பை சுருங்கத் தாமதித்தால் இரத்தப்போக்கு அதிகமாகும். மலேசியாவில் தாய்மார் மரணம் ஒவ்வொன்றையும் பெயர் வெளியிடாமல் ஆராயும் முறை 1991-இல் தொடங்கியது. அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களில் ஒன்று பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு.

மெர்சிங்கிலிருந்து எவ்வளவு தூரம்?

ஜொகூர் பெரிய மாநிலம். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் என இரண்டு பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. மூவாரில் சுல்தானா பாத்திமா, பத்து பஹாட்டில் சுல்தானா நோரா இஸ்மாயில், குளுவாங்கில் எஞ்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் ஆகியவையும் உண்டு. ஆனால் மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். உட்புறத் தோட்டங்களிலும் நிலக் குடியேற்றத் திட்டங்களிலும் இருப்பவர்களுக்கு முக்கியச் சாலைக்கு வருவதே ஒரு பயணம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் சாலையே இருக்காது.

கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்றால் இன்னொரு சிக்கல். மாலை நேரத்துக் கடற்பால நெரிசல் யார் மனைவிக்கு வலி வந்தது என்று பார்க்காது. வண்டி ஓட்ட இன்னொருவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். நாள் குறித்து வைத்திருந்தாலும் வலி திடீரென்று வரக்கூடும். ஆகவே தொலைவில் இருப்பவர்கள் எட்டாம் மாதத்திலிருந்தே நிபுணர் உள்ள ஊரில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது மேல். வலி வராமலே 37, 38 வாரம் ஆகிவிட்டால் வேறொரு சிக்கல் எழுகிறது. இரட்டையரை அதற்கு மேல் வயிற்றில் விட்டுவைக்க மருத்துவர்கள் விரும்புவதில்லை. ஆனால் வலியை வரவழைக்க மருந்து கொடுத்தால் தழும்புக்கு ஆபத்து கூடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எடுத்து 2001-இல் வெளியான கணக்கின்படி, தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஐவருக்குக் கருப்பை கிழிந்தது. புராஸ்டகிளாண்டின் வகை மருந்து வைத்தவர்களில் ஆயிரத்துக்கு 24 பேருக்கு மேல். இந்த நிலையில் "இனி காத்திருக்க வேண்டாம், அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம்" என்று மருத்துவர் சொன்னால் அது அவசரமோ பணத்தாசையோ அல்ல.

டாக்டர் கொடுக்கும் மருந்துக்கே இப்படி என்றால் வீட்டு மருந்துக்கு என்ன சொல்வது? வலி வர விளக்கெண்ணெய் குடிப்பது, பிள்ளை திரும்புவதற்கு வயிற்றைத் தடவி அமுக்குவது, கடையில் விற்கும் ரும்புட் பாத்திமா வேரை ஊறவைத்துக் குடிப்பது ஆகியவை தழும்புள்ள வயிற்றுக்கு வேண்டவே வேண்டாம். ரும்புட் பாத்திமாவில் என்ன அளவு மருந்துச் சத்து இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. வீட்டிலேயே பிரசவம் என்ற பேச்சு அண்மை ஆண்டுகளில் சிலரிடம் பரவி வருகிறது. ஒரு தழும்பும் இரட்டையும் உள்ள தாய்க்கு அது ஒரு தேர்வே அல்ல.

இதற்கெல்லாம் பயந்து, மறுபடியும் அறுவைச் சிகிச்சையே செய்துவிடலாமே என்று தோன்றும். செய்துகொள்வதில் தவறில்லை, பல தாய்மார்களுக்கு அதுதான் சரியான முடிவு. ஆனால் அது விலையில்லாத முடிவு என்று நினைத்துவிடக் கூடாது. 30,000-க்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நஞ்சு, தழும்பில் வேர்விட்டதுபோல் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகும் நிலை இரண்டாவது அறுவைச் சிகிச்சையில் ஆயிரத்துக்கு மூவருக்கு இருந்தது. நான்காவதில் ஆயிரத்துக்கு 21 பேருக்கு ஆனது. அப்படி ஒட்டிக்கொண்டால் கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம். இன்னும் பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கும் குடும்பம் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இரட்டையோடு போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு இதன் கனம் குறைவு.

நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்து அறுவைச் சிகிச்சைக்குப் போவதும் நம்மிடையே உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில் நடந்தன. அத்தனையும் நட்சத்திரத்தால் வந்ததல்ல. ஆனால் பஞ்சாங்கம் பார்த்து 35 வாரத்தில் பிள்ளைகளை வெளியே எடுக்கச் சொன்னால், அந்தப் பிள்ளைகளின் நுரையீரல் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

'சுகப்பிரசவம்' என்ற சொல்லையும் சற்று யோசிக்க வேண்டும். தாயும் இரண்டு பிள்ளைகளும் நலமாக வீடு திரும்பினால், அது எந்த வழியில் நடந்தாலும் சுகம்தானே? அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மருமகளைப் பார்த்து "முக்கிப் பெறத் தெரியாதவள்" என்று பேசும் வாய்களுக்கு இது புரிய வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது கேட்க வேண்டியவை இவை. பழைய தழும்பு எவ்வகை? முதல் பிள்ளை தலை கீழாக இருக்கிறதா? பனிக்குடம் ஒன்றா, இரண்டா? எந்த மருத்துவமனையில் பிரசவம். அங்கே இரவிலும் விடுமுறை நாளிலும் மகப்பேறு நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பார்களா? குறைமாதப் பிள்ளைகள் இருவரைப் பராமரிக்க இடம் உண்டா? எந்த வாரம் வரை காத்திருப்பார்கள், அதற்குப் பிறகு என்ன செய்வார்கள்? பதில்களைக் கர்ப்பிணிப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். பேச்சாகச் சொன்னது இரவு முறை தாதிக்குத் தெரியாது, எழுதியிருந்தால் தெரியும். அந்தப் புத்தகத்தில் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளத்தின் பொருளையும் தாதியிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கேள்விகளைக் கணவரோ மாமியாரோ கேட்பதைவிட அந்தப் பெண்ணே கேட்பது நல்லது.

வலி வந்தாலும், நீர்க்குடம் உடைந்தாலும், இரத்தம் கண்டாலும், வலிக்கு இடையிலும் தழும்புப் பக்கம் நோவு நிற்காமல் இருந்தாலும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று சீரகக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே புறப்பட வேண்டும். அவசரப் பிரிவு முகப்பில் பெயரும் அடையாள அட்டையும் கேட்பதற்கு முன்பே இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். மலாயில் சொன்னால் போதும்: "டுலு சீசர், செகாராங் அனாக் கெம்பார்." முன்பு அறுவைச் சிகிச்சை, இப்போது இரட்டை.